கூப்பிட்டால் திரும்புகிறான், பாடம் மட்டும் ஏறவில்லை: செவித்திறன் குறைவு பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: பையன் இரண்டாம் வகுப்பு. கூப்பிட்டால் திரும்புகிறான். ஆனால் டிக்டேஷனில் ‘காசு’ என்றால் ‘காது’ என்று எழுதுகிறான். கவனக்குறைவா, காதுக் கோளாறா?

பதில்: காதை முதலில் பாருங்கள் அம்மா. கூப்பிடும்போது பிள்ளை பிடித்துக்கொள்வது ‘ஆ’, ‘ஓ’ போன்ற உயிரோசைகளை. அவை உரக்க ஒலிப்பவை. ச, ஸ போன்றவை மெலிந்த, உயர் அதிர்வெண் ஒலிகள். அங்கே மட்டும் குறைவிருந்தால் பிள்ளை திரும்புவான், சொல்லைத்தான் மாற்றிப் பிடிப்பான். பின்னால் நின்று கைதட்டிப் பார்த்தால் இது தெரியாது. எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் ஆடியோகிராம் பரிசோதனை எடுங்கள். சளி பிடித்தால் கேட்பது இன்னும் மோசமாகிறது என்றால் நடுக்காதில் நீர் கோத்திருக்கலாம். செவிப்பறை அசைவதைப் பார்க்கும் டிம்பனோமெட்ரி பரிசோதனையும் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: நான் ஆசிரியை. மாணவிக்குக் காது கேட்கும் மெஷின் இருக்கிறது, முதல் பெஞ்சில்தான் உட்காருகிறாள். அப்படியும் பாடம் புரியவில்லையே?

பதில்: மெஷின் உங்கள் குரலோடு ஃபேனையும் பக்கத்து வகுப்பையும் சேர்த்தே பெரிதாக்குகிறது டீச்சர். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் குரல் 6 டெசிபல் இறங்கும். வகுப்பில் எதிரொலி வேறு சேர்ந்து சொற்களைக் குழப்பும். உங்கள் குரலை நேராக அவள் மெஷினுக்கு அனுப்பும் எஃப்எம் கருவி இருந்தால் மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் கீழே மாட்டுங்கள். இல்லையென்றால் போர்டில் எழுதிக்கொண்டே பேசாதீர்கள். எழுதி முடித்து, திரும்பி நின்று பேசுங்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் இருண்டு உதடு தெரியாது. கடைசி பெஞ்சு மாணவன் சொன்ன பதிலை நீங்கள் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். அவளுக்கு அது விழுந்திருக்காது. ‘புரிஞ்சுதா?’ என்றால் தலையாட்டிவிடுவாள். ‘இப்ப என்ன செய்யணும், சொல்லு’ என்று கேளுங்கள்.

கேள்வி: மெஷின் விசிலடிக்கிறது. மகள் கழற்றிப் பையில் போட்டுவிடுகிறாள்.

பதில்: காது வளர்ந்திருக்கும், மெஷினைக் காதில் பொருத்தும் அச்சான மோல்டு தளர்ந்திருக்கும். கசியும் சத்தம் மைக்குக்குத் திரும்பி விசிலாகிறது. குறும்பி அடைத்தாலும் வரும். வால்யூமைக் குறைத்துச் சமாளிக்காதீர்கள், பாடமும் சேர்ந்து குறையும். புது மோல்டு எடுங்கள். இரவில் பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் டப்பாவில் வையுங்கள். ஜிங்க்-ஏர் பேட்டரி என்றால் ஸ்டிக்கரை உரித்துச் சில நிமிடம் காற்றுப்பட விட்டுப் போடுங்கள். தினமும் பள்ளிக்குக் கிளம்புமுன் வாயை மறைத்து ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் சொல்லுங்கள். அவள் திருப்பிச் சொல்லட்டும். வழக்கமாகச் சொல்லும் ஒலி ஒன்று தவறினால் அன்றே டியூபில் நீர்த்துளி, பேட்டரி இரண்டையும் பாருங்கள்.

கேள்வி: மகனுக்கு ஒரு காது மட்டும் கேட்காது. மாற்றுத்திறனாளி சான்றிதழ் கிடைக்குமா?

பதில்: 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இரு காதுகளிலும் 60 டெசிபலுக்குக் குறையாத இழப்பைக் கேட்கிறது. அதனால் கிடைப்பது கடினம். அவனுக்குச் சிரமம் இல்லை என்று அதற்குப் பொருளில்லை, இதைப் பள்ளியில் எழுதியே கொடுங்கள். நல்ல காது ஆசிரியர் பக்கம், கேட்காத காது சுவர்ப் பக்கம் இருக்கும்படி இடம் கேளுங்கள். சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது அவனுக்குச் சரியாகத் தெரியாது. சாலையைக் கடக்க இருபுறமும் கண்ணால் பார்க்கப் பழக்குங்கள்.