காரீயச் சிப்பாய்கள்: வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: தாத்தா வைத்துவிட்டுப் போன காரீயச் சிப்பாய் பொம்மைகள் மர பீரோவில் இருக்கின்றன. சிலவற்றின் காலில் விபூதி போல வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது. புளி போட்டுத் தேய்க்கலாமா?
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: வேண்டவே வேண்டாம். புளி, எலுமிச்சை, வினிகர் எல்லாமே காரீயத்தை அரிக்கும், சாயமும் போய்விடும்.

பூத்திருப்பது காரீய கார்பனேட். மரத்திலிருந்து அசிட்டிக் அமில ஆவி மெல்லக் கசியும். ப்ளைவுட், அட்டைப்பெட்டி, புதுப் பெயின்ட் ஆகியவையும் அப்படித்தான். ஆவியும் ஈரமும் சேர்ந்து காரீயத்தை அசிடேட் ஆக்குகின்றன. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு அதைக் கார்பனேட்டாக மாற்றும்போது, அமிலம் மறுபடி விடுபட்டு அடுத்த இடத்தைத் தின்னும். துடைத்துவிட்டு அதே பீரோவில் வைத்தால் மீண்டும் பூப்பது இதனால்தான். கடலோர ஊரில் ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் வேகமாகும்.

முதலில் பூத்தவற்றைத் தனியே பிரியுங்கள். பொடி நஞ்சு, ஊதாதீர்கள், உலர்ந்த பிரஷ்ஷால் தட்டாதீர்கள். கையுறையும் என்95 முகக்கவசமும் போட்டு, லேசாக நனைத்துப் பிழிந்த பஞ்சுக்குச்சியால் ஒற்றி எடுத்து, உடனே உலர்ந்த பஞ்சால் ஈரத்தை வாங்கிவிடுங்கள். சாயம் உரியும் இடத்தைத் தொடாமல் விட்டுவிடுவதே நல்லது. பஞ்சை உறையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். பிறகு கண்ணாடி, இரும்பு அலமாரி அல்லது இறுக்கமாக மூடும் பாலிப்ரொப்பிலீன் டப்பாவுக்கு மாற்றி, உள்ளே சிலிகா ஜெல்லும் சின்ன ஈரமானியும் வையுங்கள். ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே நிற்க வேண்டும். ஜெல் நிறம் மாறினால் புதிதாக மாற்றுங்கள். பழைய அட்டைப்பெட்டிக்கும் மதிப்புண்டு. எறியாதீர்கள், ஆனால் பொம்மையை அதற்குள் வைக்காமல் தனியே வையுங்கள்.

கேள்வி: காந்தி வீதி ஞாயிறு சந்தையில் ஒரு சிப்பாய் கிடைத்தது. பழையதா, புது வார்ப்பா?
– வாசகர், நெல்லித்தோப்பு

பதில்: தலையில் அல்லது தொப்பியில் சின்னத் துளை இருக்கிறதா பாருங்கள். லண்டனின் பிரிட்டன்ஸ் நிறுவனம் 1893-இல் தொடங்கிய உள்ளீடற்ற வார்ப்பின் அடையாளம் அது. அச்சில் ஊற்றிய காரீயத்தின் வெளிப்புறம் இறுகியதும், உள்ளே இருப்பதைத் துளை வழியே கொட்டிவிடுவார்கள். அதனால் எடை குறைவு. பாரிஸின் மிஞோ நிறுவனம் செய்தவை திண்மையானவை; கையில் கனக்கும். பிரெஞ்சுக் குடும்பங்கள் வாழ்ந்த ஊர் என்பதால் இரண்டையும் மனதில் வைத்தே பாருங்கள்.

பிரிட்டன்ஸின் வழக்கமான அளவு 54 மில்லிமீட்டர். பழைய பொம்மையிலிருந்தே அச்செடுத்த நகல் சற்றுச் சுருங்கியிருக்கும். பொத்தான், முகம் மழுங்கியிருக்கும். சாயத்தையும் கவனியுங்கள். கைபட்டுத் தேய்ந்தது மூக்கு, தொப்பி, பீட விளிம்பு என்று துருத்திய இடங்களில்தான் தெரியும். மடிப்புக்குள்ளேயும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள். கழுத்தை லேசாக அசைத்துப் பாருங்கள். உடைந்த தலையைத் தீக்குச்சி செருகி ஒட்டுவது பழைய வழக்கம். அப்படியிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

கேள்வி: சாயம் போனதற்கு எனாமல் அடிக்கலாமா? பேரன் விளையாடக் கேட்கிறான்.
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: அடிக்காதீர்கள், மூலச் சாயம் எவ்வளவு தேய்ந்திருந்தாலும் சேகரிப்பவர்களுக்கு அதுதான் மதிப்பு. பேரனுக்குப் பிளாஸ்டிக் பொம்மை வாங்கிக் கொடுங்கள். பொம்மையில் மட்டுமல்ல, அந்தக் காலச் சாயத்திலும் காரீயம் இருக்கும். நீங்கள் தொட்டாலும் சோப்பு போட்டுக் கை கழுவிய பிறகே சாப்பிடுங்கள்.