ஐசியு தொற்றும் கணக்கும்: கேள்வி பதில்

கேள்வி: சார், கொரோனாவுக்குச் சொன்ன அதே ஆர் எண் ஐசியுவுக்கும் பொருந்துமா?

பதில்: அப்படியே பொருந்தாது. ஆர் என்பது, கிருமி உள்ள ஒருவரிடமிருந்து சராசரியாக எத்தனை பேருக்கு அது பரவுகிறது என்ற எண். ஊரில் லட்சம் பேர், ஐசியுவில் பத்துக் கட்டில். ஆர் 0.7 என்றே வையுங்கள். பாய்சான் பரவல் என்ற நிகழ்தகவுக் கணக்குப்படி, ஏறக்குறையப் பாதித் தடவை கிருமி முதல் ஆளோடு நின்றுவிடும். இன்னொரு தடவை சங்கிலி நீண்டு ஆறேழு பேரைப் பிடிக்கும். வார்டும் அதேதான், ஆரும் அதேதான். சராசரியை மட்டும் நம்பாதீர்கள்.

கேள்வி: ஆர் 1-க்குக் கீழே போனால் கிருமி ஒழிந்துவிடும்தானே?

பதில்: வாசல் மூடியிருந்தால் ஒழியும். சிகாகோ ஐசியு ஒன்றில் வேன்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத என்டரோகாக்கஸ் என்ற பாக்டீரியா பற்றி 1999-இல் ஓர் ஆய்வு வந்தது. கை கழுவுவது போன்ற தடுப்பு இல்லாவிட்டால் ஆர் 3.8, தடுப்போடு 0.7 என்று கணித்தார்கள். அப்படியும் 36 சதவீத நோயாளிகளிடம் கிருமி இருந்தது. காரணம், கிருமியோடு புது நோயாளிகள் வந்துகொண்டே இருந்தார்கள். 0.7 என்றாலும், வருகிற ஒவ்வொருவரும் சங்கிலி முடிவதற்குள் சராசரியாக இன்னும் 2.3 பேரைச் சேர்த்துவிடுகிறார். வாசலைக் கணக்கில் சேருங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு ஆபரேஷன் காயத்தில் சீழ். என்ன மருந்து?

பதில்: நான் மருத்துவன் இல்லை. ஆபரேஷன் செய்த டாக்டரிடம் இன்றே காட்டுங்கள்.

கேள்வி: நர்ஸை மலேரியாக் கொசுவோடு ஒப்பிடுகிற கணித மாடலாமே அந்தச் சிகாகோ ஆய்வில் வருவது? பதினாலு வருஷமாக ஐசியுவில் இருக்கிறேன். மனசு வலிக்கிறது சார்.

பதில்: வலிக்கத்தான் செய்யும் சிஸ்டர். ரொனால்ட் ராஸ் என்ற மருத்துவர் 1897-இல் செகந்திராபாத்தில் கொசுவுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டார், பிறகு அது பரவுவதற்குச் சமன்பாடும் எழுதினார். அதில் கொசு இருந்த இடத்தில் இங்கே வருவது கை. ரவுண்ட்ஸ் வருகிற பெரிய டாக்டரின் கையும் அதில் சேர்த்திதான். கொசு சாகும்வரை கிருமியைச் சுமக்கும், கை அடுத்த தடவை கழுவும்வரை சுமக்கும்.

கேள்வி: கடைசியில் பழி எங்கள் மேல்தானே? ஒழுங்காகக் கை கழுவவில்லை என்பார்கள்.

பதில்: கணக்கு உங்கள் பக்கம் நிற்கிறது சிஸ்டர், போட்டுப் பாருங்கள். 3.8 இருக்கும் இடத்தில் பாதித் தடவை கை கழுவினால் 1.9. இன்னும் 1-க்கு மேல்தான். சிகாகோவில் 0.7 வரை இறங்கியது, ஒரு நர்ஸ் குறிப்பிட்ட நோயாளிகளையே பார்க்கும்படி டூட்டி போட்டதும் சேர்ந்ததால். இருவரைப் பார்க்கிற நர்ஸின் கையிலிருந்து கிருமி போகக்கூடிய அடுத்த கட்டில் ஒன்றுதான். ஆள் குறைந்து அவரே ஆறு பேரைப் பார்த்தால் ஐந்து கட்டில். ஆள் போடுவது நிர்வாகத்தின் வேலை, அதை எழுதியே கேளுங்கள்.

கேள்வி: கையுறை போட்டால் கழுவ வேண்டாமா?

பதில்: கழுவ வேண்டும். கையுறையும் அடுத்த கட்டிலைத் தொடும்.

கேள்வி: ஆர் 0.8 வந்துவிட்டது. இனி அட்மிஷனில் பரிசோதனை எதற்கு?

பதில்: இரண்டாவது கேள்விக்கே எழுதிவிட்டேன். வாசல்.

கேள்வி: நிர்வாகத்திடம் காட்ட நான் எதைக் குறித்து வைக்கட்டும் சார்? (அதே நர்ஸ்)

பதில்: ஷிப்ட்வாரியாக எத்தனை நோயாளி, எத்தனை நர்ஸ், யார் எந்தக் கட்டில். புதிதாக வந்தவருக்குக் கல்ச்சர் (கிருமி வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) எடுத்த நேரத்தையும் எழுதுங்கள். வந்து 48 மணி நேரத்துக்குள் எடுக்காவிட்டால், பிறகு பாசிட்டிவ் வரும்போது கிருமி அவரோடு வந்ததா, இங்கே ஒட்டியதா என்று என்னாலும் பிரித்துச் சொல்ல முடியாது.