பிளஸ் டூ முடித்த மகள் தொல்லியல் கேட்கிறாள்: கும்பகோணத்துப் பெற்றோருக்கு

“அதெல்லாம் வேண்டாம், பி.காம். படி” என்று முடித்துவிடுவதற்கு முன் ஒரு சனி, ஞாயிறை ஒதுக்குங்கள், ஐயா.

சனிக்கிழமை தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடம். திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர் (காளைமேல் கை சாய்த்து நிற்கும் சிவன்) செப்புத்திருமேனி அங்கே இருக்கிறது. காளை இல்லை, அதன்மேல் சாய்ந்திருந்த கை மட்டும் அந்தரத்தில் நிற்கும். ஞாயிறு திருவெண்காட்டுக்கே போங்கள். முதலாம் ராஜராஜனின் 26-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1011-இல், இந்தத் திருமேனி எழுந்தருளியதையும், தேவியார் அடுத்த ஆண்டு வந்ததையும் அந்தக் கோயில் கல்வெட்டு சொல்கிறது. பல திருமேனிகளுக்கு முகம், அணிகலன் பார்த்துக் காலத்தைக் கணிக்கத்தான் முடிகிறது. இப்படி ஆண்டே தெரிந்தவை குறைவு.

பேருந்தில் திரும்பும்போது மகள் எதைப் பற்றிப் பேசுகிறாள் என்று கவனியுங்கள். கல்லில் எழுத்தைத் தேடியதையா, செம்பில் ஏறிய பச்சைக் களிம்பையா, பக்கத்துப் பூம்புகாரில் மண்ணுக்கடியில் என்ன இருக்கும் என்பதையா? மூன்றும் வெவ்வேறு படிப்பு.

எழுத்து என்றால் அவளுக்கு ஊரே பள்ளிக்கூடம். சோழர் கல்வெட்டில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. ‘க’வும் ‘க்’கும் ஒன்றுபோல் தெரியும். எகர ஏகார வேறுபாடு இல்லை, துணைக்காலும் (‘ா’) ரகரமும் ஒரே வடிவம். அதனால் எழுத்துக்கூட்டிப் படித்தால் தடுமாறும். சொல்லை ஊகித்துப் படிக்கப் பழக வேண்டும். ‘ஸ்வஸ்திஸ்ரீ’, ‘யாண்டு’, ‘ஆவது’ என்ற மூன்றும் கண்ணில் பட்டாலே தொடக்கம் பிடிபடும். காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் படம் எடுக்கட்டும். உச்சிவெயிலில் பள்ளம் தெரியாது. மாவு, சாக்பீஸ் தேய்த்துப் படிக்கும் பழக்கம் கல்லைக் கெடுக்கும், அதை முளையிலேயே கிள்ளுங்கள். மைப்படி (ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி மை ஒற்றி எடுக்கும் நகல்) எடுக்க அனுமதி வேண்டும், ஆசிரியரும் வேண்டும்: தாளில் ஈரம் கூடினால் மை பரவிவிடும், குறைந்தால் தாள் கல்லைவிட்டுத் தூக்கிக்கொள்ளும். வாரம் ஒரு கல்வெட்டு என்று ஆறு மாதம் தாக்குப்பிடித்தால், பி.ஏ. வரலாறோ தமிழோ சேர்க்கலாம். முதுகலைக்குத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியல், தொல்லியல் துறை இருக்கிறது.

களிம்பு என்றால் பி.எஸ்சி. வேதியியல். உப்பும் ஈரமும் சேர்ந்து வெளிர்பச்சைப் பொடியாக உதிர்வது செம்புக்கு வரும் நோய். கடலோர டெல்டாவில் இதற்குப் பஞ்சமில்லை. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இதற்கென்றே ஆய்வகம் உண்டு. இந்திய தொல்லியல் துறைக்கும் தனி அறிவியல் பிரிவு இருக்கிறது. பிளஸ் டூவில் சயின்ஸ் குரூப் எடுத்த பிள்ளைக்கு இந்த வழி இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை.

அகழாய்வு என்றால் வெயிலையும் பொறுமையையும் சொல்லிவிடுங்கள். பிற்காலத்தில் யாரோ வெட்டிய குழியைக் கவனிக்காமல் தோண்டினால் நேற்றைய பானை ஓடு கீழடுக்கின் பழைய ஓட்டோடு கலந்து, காலக்கணக்கே கவிழும். அதனால் நாளின் பெரும்பகுதி அளப்பது, வரைவது, சீட்டு எழுதிப் பையில் போடுவது.

வேலை விஷயத்தில் உங்கள் பயம் நியாயமானது. நிரந்தர இடங்கள் குறைவு, அறிவிப்பு வரும்போதுதான் வரும். அகழாய்வுத் தளத்தில் பெரும்பாலும் தற்காலிக வேலைதான். ஆகவே முதுகலையோடு கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான யு.ஜி.சி. நெட் (தொல்லியல் தனிப் பாடமாகவே இருக்கிறது) எழுதட்டும். வரலாறு படித்தால் பி.எட்.டும் கையில் இருக்கட்டும். மூன்று மாத டிப்ளமோ விற்கும் விளம்பரங்களுக்குப் பணம் கட்டாதீர்கள்; அரசுப் பணி அறிவிப்பில் கேட்கும் தகுதிக்கு அது ஈடாகாது. பி.காம். முடித்துவிட்டு முதுகலையில் மாறிக்கொள்ளலாம் என்று நினைத்தால், வேறு பட்டதாரிகளை எடுப்பார்களா என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கையேட்டில் இப்போதே பார்த்துவிடுங்கள்.