நோட்டு உனக்கு, குடை யாருக்கு?

கேள்வி: ஜெருசலேமில் ஒரு யூதப் பாட்டியைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். போன மாதம் கடைக்குப் போகும் வழியில் 200 ஷெக்கல் நோட்டு ஒன்று கிடந்தது. எடுத்துவந்து காட்டினேன். "உனக்குத்தான், வைத்துக்கொள்" என்றார். அடுத்த வாரம் ஒரு பழைய குடை கிடைத்தது. கைப்பிடி விரிசல்விட்டு பச்சை நூல் சுற்றியிருந்தது. அதற்கு மட்டும் உட்கார வைத்து அறிவிப்பு எழுதவைத்து, தெருச்சுவரில் ஒட்டச் சொல்கிறார். பணத்தை வைத்துக்கொள்ளலாம், ஓட்டைக் குடையைக் கூடாதா?

பதில்: விலையை வைத்துப் பார்த்தால் தலைகீழாகத்தான் தெரியும். பாட்டி கேட்டுக்கொண்டது வேறு கேள்வி: தொலைத்தவர் அதைத் தலைமுழுகிவிட்டாரா, இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாரா? தொலைத்தவருக்கு ஆசை விட்டுப்போவதை யூதச் சட்டத்தில் 'யெயூஷ்' என்பார்கள். பொருளின் அடையாளத்துக்கு 'சிமான்' என்று பெயர். அடையாளம் இருந்தால் உரியவருக்கு நம்பிக்கை இருக்கும், இல்லையென்றால் போனது போனதுதான்.

கி.பி. 200 வாக்கில் தொகுத்த யூதச் சட்டநூலான மிஷ்னாவில், 'பாவா மெட்சியா' என்ற பகுதியின் இரண்டாம் அத்தியாயம் இதைத்தான் அலசுகிறது. சிதறிக் கிடக்கும் காசு எடுத்தவருக்கு. பைக்குள் இருக்கும் காசையும், ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் மூன்று காசையும் ஊரறியச் சொல்லவேண்டும். அடுக்கு தானாக விழாது, யாரோ வைத்திருக்கிறார்கள். கடை ரொட்டி எடுத்தவருக்கு, வீட்டில் சுட்ட ரொட்டிக்கு அறிவிப்பு. சுட்டவருக்குத் தன் கைப்பக்குவம் தெரியாதா என்ன!

காசு விஷயத்தில், மிஷ்னாவை விளக்கி விவாதிக்கும் தல்மூது என்ற நூல் சொல்லும் காரணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: மனுஷன் எந்நேரமும் தன் பணப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பான். ஆகவே நீங்கள் குனிந்து எடுப்பதற்கு முன்பே அவர் மடியைத் தடவி, தலையில் கைவைத்து, ஆசையை விட்டிருப்பார்.

குடை அப்படியில்லை, பச்சை நூல் இருக்கிறதே. ஆனால் அறிவிப்பில் அந்த நூலைப் பற்றி மூச்சு விடாதீர்கள். 'குடை கிடைத்தது' என்று மட்டும் எழுதுங்கள், நூலை வருகிறவர் சொல்லட்டும். யூதர்களின் பழைய கோயில் ஜெருசலேமில் இருந்த காலத்தில் உங்கள் ஊரிலேயே இதற்கென்று ஒரு கல் இருந்ததாம். கண்டெடுத்தவர் அங்கே நின்று கூவுவார், தொலைத்தவர் அடையாளம் சொல்லி வாங்கிப்போவார்.

சரி, அந்த நோட்டு. இங்கே பாட்டியோடு எனக்குக் கொஞ்சம் கருத்து வேறுபாடு. இஸ்ரேலில் 1973-ல் வந்த தொலைந்த பொருள் சட்டப்படி, எடுத்த பொருளை உரியவரிடம் கொடுக்கவேண்டும் அல்லது போலீசில் சொல்லவேண்டும். 4 மாதம் யாரும் வராவிட்டால் எடுத்தவருக்கே. மதிப்பு அற்பமாக இருந்து, உரியவர் ஆசையை விட்டிருப்பார் என்று நினைக்க நியாயம் இருந்தால் விலக்கு உண்டு. 200 ஷெக்கல் அற்பமா? நானாக இருந்தால் போலீசில் ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். தெருவில் இல்லாமல் உங்கள் கட்டட மாடிப்படியில் கிடந்திருந்தால், கதவைத் தட்டிக் கேட்டிருக்கவே வேண்டும்.

அப்புறம், ஆள் வரும்வரை குடையைப் பயன்படுத்தாதீர்கள். துணியைக் கண்டெடுத்தால் 30 நாளுக்கு ஒருமுறை உதறிவைக்கச் சொல்கிறது மிஷ்னா, அதுவும் துணியின் நன்மைக்காக, நம் சௌகரியத்துக்காக இல்லை. குடை ஈரமாக இருந்தால் விரித்துக் காயவைத்துவிட்டு மடக்கிவையுங்கள்.