பரவையும் ஆர்கலியும்

அன்புள்ள அக்கா,

நான் பாம்பனைச் சேர்ந்தவள். முதுகலைத் தமிழ் படிக்கிறேன். அப்பா நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர். சொல்வளம் பெருகட்டும் என்று நாளுக்குப் பத்துப் புதுச்சொல் நோட்டில் எழுதி, அன்றைக்கே பேச்சிலும் போட்டுப் பார்ப்பேன். போன வாரம் கடலைப் புணரி ஆக்கி அப்பாவிடம், "புணரி கொந்தளிக்கிறது, இன்று செல்ல வேண்டாம்" என்றேன். "எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். தோழிகள் 'பட்டிமன்றம்' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். அன்றாடப் பேச்சுக்கு ஆயிரம் சொல் தாராளம், மிச்சமெல்லாம் அலங்காரம் என்கிறாள் ஒருத்தி. நோட்டை மூடி வைத்துவிடட்டுமா?

பாம்பன் வாசகி

அன்புத் தங்கைக்கு,

நோட்டை மூடாதீர்கள்.

கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் இருக்கின்றன. அத்தனையும் வாயில் வைத்திருந்த மனிதர் எவரும் இல்லை. கேட்டால் புரிகிற சொல் எல்லாருக்கும் அதிகம். பேச்சில் தானாக வருகிற சொல் குறைவு. தமிழில் எண்ணுவதும் லேசில்லை. 'போ' ஒரு சொல். 'போகமாட்டாளாமே' எத்தனை சொல்? அந்த ஆயிரத்தை நான் நம்பவில்லை. ஆனால் உங்கள் தோழி 'அலங்காரம்' என்றாளே, அங்கேதான் எனக்கு வலிக்கிறது.

அப்பா கேட்ட கேள்வியை விட்டுவிடாதீர்கள். உங்கள் ஊருக்கு இரண்டு கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. அடங்கிக் கிடக்கும் வடகடலைப் பெண்கடல் என்றும், தென்கடலை ஆண்கடல் என்றும் நம் ஆட்கள் சொல்வார்கள். அந்தப் பெயர் வருஷம் முழுக்கச் செல்லாது. வைகாசி தொடங்கி ஆவணி வரை மேற்கிலிருந்து கச்சானும் தெற்கிலிருந்து சோழகமும் வீசும்போது தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம்போலக் கிடக்கும். ஐப்பசி தாண்டி வடக்கிலிருந்து வாடை எடுத்துவிட்டால் எல்லாம் தலைகீழ். பெண்கடல் படகைத் தூக்கி அடிக்கும். "வாடை எடுத்திருச்சு" என்று கரையில் ஒருவர் சொன்னால், படகை எந்தக் கரையில் கட்டுவது, வலையை எங்கே கொண்டுபோவது எல்லாம் அந்த இரண்டு சொல்லில் அடங்கிவிட்டன. வாடை, கிழக்கிலிருந்து வரும் கொண்டல், கச்சான், சோழகம் நான்கும் நகரத்தில் இருப்பவருக்கு வெறும் காற்று. இதில் வாடை சங்கப் பாட்டிலேயே வீசிய காற்று. அதைச் சொல்லும் உங்கள் அப்பாவுக்கு யாரும் பட்டப்பெயர் வைப்பதில்லை. உங்கள் 'புணரி'யில் அவருக்கு வேண்டிய சேதி இல்லை, அவ்வளவுதான்.

சிரிப்புக்குப் பயந்து ஒரு சொல்லை நான் தொலைத்திருக்கிறேன். கீழக்கரையிலிருந்து மதுரைக்குப் படிக்கப் போன முதல் நாள், விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் "இன்னும் கொஞ்சம் ஆணம் ஊத்துங்க" என்றேன். கரண்டி பிடித்திருந்த அம்மா விழித்தார். பந்தியில் சிரிப்பு. அன்று இரவே 'குழம்பு' என்று சொல்லப் பழகிக்கொண்டேன். விடுமுறையில் வீட்டுக்கு வந்து "குழம்பு போடுங்க" என்றபோது, சட்டிக்குள் போன உம்மாவின் கை ஒரு கணம் நின்றது. ஒன்றும் சொல்லவில்லை, ஊற்றினார். வருஷங்கள் கழித்து அகராதியைப் புரட்டினால் ஆணம் குழம்பு என்ற பொருளோடு இருக்கிறது. நேயம் என்றும் அதற்கு ஒரு பொருள் உண்டு, கலித்தொகையின் முதல் பாட்டிலேயே. உம்மாவிடம் போய்ச் சொல்ல அப்போது அவர் இல்லை.

அதனால் எந்தச் சொல்லையும் அலங்காரம் என்று தள்ள எனக்கு மனம் வராது. பழைய செய்யுள் அகராதியான நிகண்டில் கடலுக்குப் பெயர்கள் வரிசையாக வரும். எல்லாம் ஒன்றே என்று மனப்பாடம் செய்தால் அவை நோட்டிலேயே செத்துக் கிடக்கும். பரவை என்றால் பரந்து கிடப்பது. ஆர்கலி என்றால் ஆரவாரிப்பது. புணரி கடலுக்கு மட்டுமல்ல, அலைக்கும் பெயர். ஆடி மாதம் பாம்பன் சாலைப் பாலத்தின் மேல் நின்று இரண்டு பக்கமும் பாருங்கள். வடக்கே பரவை, தெற்கே ஆர்கலி. அங்கே நின்று அதை அப்பாவிடம் சொல்லுங்கள், "எந்தப் பக்கம்?" என்று கேட்க மாட்டார்.

படித்த அன்றைக்கே பேச்சில் போட்டுவிடும் அவசரத்தை மட்டும் விடுங்கள். சொல் தனக்கான இடம் வரும்வரை உள்ளே கிடக்கட்டும். நோட்டின் இடப்பக்கம் நிகண்டுச் சொற்களை எழுதினால், வலப்பக்கத்தை வீட்டுக்கு விடுங்கள். நாம் சீலா என்கிற மீன் சென்னையில் வஞ்சிரம், குமரியில் நெய்மீன். இதுவும் அந்தப் பக்கத்தில் ஏறட்டும்.

அப்பா கரைக்கு வந்ததும் ஒன்று கேளுங்கள். கச்சான் ஓய்ந்து வாடை எடுப்பதற்கு முன்னால், இரண்டு கடலும் அசையாமல் கிடக்கும் சில நாட்கள் வருமே, அதற்கு அவர் என்ன சொல்கிறார்? கீழக்கரையில் நானும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். வலப்பக்கத்தின் முதல் வரியாக எழுதிவிட்டு எனக்கும் அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா