கேஸ் ஓவனா, மின்சார ஓவனா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சமையலறையைப் புதுப்பிக்கிறோம். மேலே அடுப்பு, கீழே ஓவன் என்று எல்லாம் கேஸிலேயே ஓடுகிற மாடலை வாங்கிவிடலாம் என்கிறார் கணவர். எனக்கு கேக், பிஸ்கட், பிரெட் செய்வதில்தான் ஆசை. அதற்கு மின்சார ஓவன்தான் சரி என்கிறார்கள் தோழிகள். எதை வாங்கட்டும்?

பதில்: பேக்கிங்தான் ஆசை என்றால் மின்சார ஓவன் வாங்குங்கள். அடுப்பு கேஸிலேயே இருக்கட்டும், அந்த விஷயத்தில் உங்கள் கணவர் சொல்வது சரிதான். ஆனால் அடுப்பு கேஸ் என்பதற்காக ஓவனும் கேஸாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அடுப்பில் கைப்பிடியைத் திருப்பிய உடனே தீ கூட வேண்டும், குறைய வேண்டும், அதைக் கேஸ் அருமையாகச் செய்யும். ஓவனுக்கு அந்த வேகம் தேவையே இல்லை. வைத்த சூடு கேக் வேகும் வரை பெரிதாக ஏறி இறங்காமல் நிற்க வேண்டும், மேலும் கீழும் ஒரே மாதிரி பரவ வேண்டும், அவ்வளவுதான்.

கேஸ் ஓவனில் பர்னர் பெரும்பாலும் அடித்தட்டுக்குக் கீழே இருக்கும். மேலே தனியாக ஒரு பர்னர் இருந்தாலும் அது கிரில் செய்வதற்கானது, பேக்கிங்கின்போது இரண்டும் சேர்ந்து எரிகிற மாடல்கள் குறைவு. அதனால் அடிப்பக்கம் சீக்கிரம் கருகி, மேல்பக்கம் வெளுத்தே இருப்பது கேஸ் ஓவனில் அடிக்கடி கேட்கிற குறை. தட்டை மேலே ஏற்றி, பாதியில் திருப்பி வைத்து இதைச் சமாளிக்கலாம், பழகியவர்கள் பிரமாதமாகவே செய்கிறார்கள், ஆனால் புதிதாகத் தொடங்குகிறவருக்கு எதற்கு அந்தப் பாடு? மின்சார ஓவனில் மேலும் கீழும் ஹீட்டர் உண்டு, எது ஓட வேண்டும் என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம். ஃபேன் வைத்த மாடல் என்றால் சூடான காற்று சுற்றி வருவதால் இரண்டு தட்டு பிஸ்கட்டை ஒரே நேரத்தில் வைக்கவும் முடியும்.

ஈரப்பதம் இன்னொரு விஷயம், கடைக்காரர்கள் இதைப் பேசுவதே இல்லை. கேஸ் எரியும்போது கரியமில வாயுவோடு நீராவியும் உண்டாகிறது. சமையல் கேஸில் உள்ள புரோபேன் என்ற வாயு 1 கிலோ முழுக்க எரிந்தால் சுமார் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வரும். அதனால்தான் கேஸ் ஓவனுக்குள் காற்று ஈரமாக இருக்கிறது. இறைச்சி வறண்டு போகாமல் வேக அது நல்லது, பிஸ்கட் மொறுமொறுப்பாக வர நல்லதில்லை. சரி, ஆவி இருந்தால் பிரெட்டுக்கு நல்லதுதானே என்று கேட்பீர்கள். முதல் பத்துப் பதினைந்து நிமிடம் ஆவி சூழ்ந்திருந்தால் மேல்தோல் சீக்கிரம் இறுகாமல் பிரெட் நன்றாக எழும்பும் என்பது உண்மைதான், ஆனால் எரிந்த வாயு வெளியேறக் கேஸ் ஓவனில் திறப்பு இருந்தே ஆக வேண்டும், நீங்கள் தண்ணீர்த் தட்டு வைத்து உண்டாக்குகிற ஆவியும் அதே வழியாக ஓடிவிடும். மின்சார ஓவனில் அவ்வளவு பெரிய திறப்பு தேவையில்லை என்பதால் ஆவி கொஞ்ச நேரமாவது உள்ளே நிற்கும்.

எதை வாங்கினாலும் ஓவனுக்குள் வைக்கும் சின்ன வெப்பமானி ஒன்றைச் சேர்த்து வாங்குங்கள். கைப்பிடி 180 என்று காட்டும்போது உள்ளே 165-ஓ 195-ஓ இருப்பது எல்லா வகை ஓவனிலும் நடக்கிறது, பலர் தங்கள் கைப்பக்குவத்தைக் குறை சொல்லிக்கொண்டிருப்பது உண்மையில் இதனால்தான்.

கேள்வி: எங்கள் பகுதியில் அடிக்கடி கரண்ட் போகும். அப்படியானால் கேஸ் ஓவன்தானே நல்லது?

பதில்: எந்தக் கேஸ் ஓவன் என்பதைப் பொறுத்தது. பல புதிய மாடல்களில் மின்சாரத்தில் பழுக்கக் காய்கிற ஒரு கம்பிதான் பர்னரைப் பற்றவைக்கிறது, அது சூடாக இருக்கிற வரைதான் கேஸ் வால்வு திறந்திருக்கும். கரண்ட் போனால் ஓவனும் நின்றுவிடும். பொறி மட்டும் தட்டிப் பற்றவைக்கும் மாடல்களில் சிலவற்றைத் தீக்குச்சியால் பற்றவைக்கலாம், அதுவும் கையேட்டில் அப்படிச் சொல்லியிருந்தால் மட்டுமே. ஆகவே கடையில் கேட்க வேண்டிய கேள்வி, ‘கரண்ட் இல்லாதபோது இந்த ஓவன் எரியுமா?’ கூடவே, தீ தானாக அணைந்தால் கேஸை நிறுத்தும் பாதுகாப்பு வால்வு இருக்கிறதா என்றும் கேளுங்கள். இல்லை என்றால் அந்த மாடல் வேண்டவே வேண்டாம்.

மின்சார ஓவன் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சுவரில் பதிக்கும் ஓவன் 3,500 வாட் வரை இழுக்கும், 230 வோல்ட்டில் அது 15 ஆம்பியருக்கு மேல். இதற்கு வீட்டின் மெயின் போர்டிலிருந்து தனி லைன் வேண்டும், எக்ஸ்டென்ஷன் கார்டில் மாட்டவே கூடாது. ஓவன் வாங்குவதற்கு முன்பே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள்.

கேள்வி: மகனுக்கு ஆஸ்துமா. கேஸ் ஓவன் வைக்கலாமா?

பதில்: உங்கள் வீட்டுக்கு மின்சார ஓவன்தான் என்று தயங்காமல் சொல்வேன். கேஸ் தீயின் சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் டை ஆக்சைடு உண்டாகிறது, மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும் வாயு அது. ஓவன் முக்கால் மணி, ஒரு மணி நேரம் தொடர்ந்து எரிவதால் சமையலறையில் சேர்ந்துகொண்டே போகும். ஏற்கெனவே கேஸ் ஓவன் இருந்தால், புகையை வீட்டுக்கு வெளியே தள்ளுகிற சிம்னி கட்டாயம் வேண்டும், வடிகட்டி அதே காற்றை உள்ளேயே திருப்பி விடுகிற வகை இதற்குப் போதாது. தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தால் உடனே ஆள் வைத்துச் சரிசெய்யுங்கள், அது கார்பன் மோனாக்சைடு உண்டாவதற்கான அறிகுறி. குளிருக்காக ஓவன் கதவைத் திறந்து வைத்து அறையைச் சூடாக்குவது மிகவும் ஆபத்து, தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

கேள்வி: ஒரு கேக் குறிப்பில் ‘கேஸ் மார்க் 4’ என்று இருக்கிறது. மின்சார ஓவனில் செய்ய முடியாதா?

பதில்: தாராளமாகச் செய்யலாம். அது பிரிட்டனில் கேஸ் ஓவன் கைப்பிடிகளில் போடும் எண், 4 என்றால் சுமார் 180 டிகிரி செல்சியஸ். 1 என்பது 140, அதற்கு மேல் ஒவ்வொரு எண்ணுக்கும் ஏறக்குறைய 14 டிகிரி கூடும். ஃபேன் ஓடுகிற ஓவன் என்றால் 20 டிகிரி குறைத்து 160-ல் வையுங்கள்.