இன்ஸ்டாகிராமில் இல்லாத மாப்பிள்ளை

கேள்வி: பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராக, அதாவது வாடிக்கையாளரின் ஆர்டர்களைக் கவனிப்பவராக, இருக்கிறேன். வயது 29. வாட்ஸ்அப் தவிர வேறு எதிலும் நான் இல்லை. பெங்களூரில் ஒரு பையிங் ஹவுஸ் (வெளிநாட்டு நிறுவனங்களுக்காக ஆடை வாங்கித் தரும் நிறுவனம்) நேர்காணலில், வேலை தொடர்பான சமூக ஊடகமான லிங்க்ட்இன் கணக்கைக் கேட்டார்கள். இல்லை என்றதும் முகம் மாறிவிட்டது. பெண் பார்த்த இடத்திலோ, "மாப்பிள்ளை இன்ஸ்டாகிராமில்கூட இல்லையே, எதையாவது மறைக்கிறாரா?" என்று பெண்ணின் அண்ணன் தரகரிடம் கேட்டிருக்கிறார். உடனே கணக்குத் தொடங்கிப் பத்துப் படம் போடச் சொல்கிறார் என் மாமா. போடட்டுமா, அம்மா?
- வாசகர், திருப்பூர்

பதில்: வேண்டாம், தம்பி. நேற்றுத் தொடங்கிய கணக்கில் ஒரே நாளில் பத்துப் படம் இருந்தால், அந்த அண்ணனுக்குச் சந்தேகம் இரட்டிப்பாகும்.

வேலை விஷயம் வேறு. ஆள் எடுக்கும் பணியிலேயே காலம் தள்ளியவள் நான். விண்ணப்பத்தில் எழுதியதும் லிங்க்ட்இன்னில் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்போம், அவ்வளவுதான். உங்கள் ஊர் கட்டிங் மாஸ்டரிடம் யாரும் அதைக் கேட்பதில்லை; அவருடைய கைவேலை தெரிந்து அடுத்த கம்பெனியிலிருந்து ஆள் வரும். நீங்களோ வெளிநாட்டு வாடிக்கையாளரோடு தினமும் கடிதப் போக்குவரத்து வைத்திருப்பவர். அவர்கள் உங்கள் பெயரைத் தேடிப் பார்ப்பது இயல்பு. ஒரு மாலைப் பொழுதில் உட்கார்ந்து எழுதிவிடுங்கள்: எந்த ரக ஆடைகள், எந்த நாடுகளுக்கு, லேப் டிப் (துணியின் சாய நிற மாதிரி) ஒப்புதல் தொடங்கி ஷிப்மென்ட் வரை எது எது உங்கள் பொறுப்பு. தினம் ஓர் ஊக்க வாசகம் பதிவிட வேண்டியதில்லை. அவற்றைப் படித்துப் படித்து நான் பட்டது போதும். கடைக்கு வராத டிசைனை மட்டும் படமெடுத்துப் போட்டுவிடாதீர்கள், அது வேலைக்கே உலை வைத்துவிடும்.

இனி பெண் வீடு. முன்பெல்லாம் மாப்பிள்ளை குடியிருக்கும் வீதியில், மளிகைக் கடையில் விசாரிப்பார்கள். இப்போது கைப்பேசியில் விசாரிக்கிறார்கள். அண்ணன் கேட்டதில் தப்பில்லை. காட்டப் படம் இல்லையென்றால் விசாரிக்க ஆட்களைக் கொடுங்கள். கல்லூரி நண்பர், வீட்டுக்காரர், கூட வேலை பார்ப்பவர் என்று சிலரிடம் சம்மதம் கேட்டு, அவர்களுடைய எண்களைத் தரகர் வழியாக அல்லாமல் நீங்களே கொடுங்கள். அவர்களில் ஒருவர் உங்கள் பிரிவில் வேலை செய்யும் பெண்ணாக இருந்தால் நல்லது. கோபம் வந்தால் நீங்கள் எப்படிப் பேசுவீர்கள் என்பது எந்தப் படத்திலும் தெரியாது. ஷிப்மென்ட் தாமதமான நாளில் பக்கத்து மேஜையில் இருந்தவருக்குத் தெரியும்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் அண்ணன் இருக்கிறார், தரகர் இருக்கிறார், மாமா இருக்கிறார். பெண்ணைத்தான் காணோம்! அவரோடு நேரில் பேச இரு வீட்டிலும் கேளுங்கள். ஒருவேளை அவருக்கும் இன்ஸ்டாகிராம் பிடிக்காமல் இருக்கலாம்.

வேலை நிமித்தம் அமெரிக்கா போக நேர்ந்தால் ஒரு சங்கதி: ஐந்தாண்டுகளில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளை 2019 முதல் விசாப் படிவத்தில் கேட்கிறார்கள். இல்லாதவர்கள் இல்லை என்றே குறிப்பிடலாம். ஆனால் லிங்க்ட்இன்னும் அந்தப் பட்டியலில் உண்டு; தொடங்கிவிட்டால் எழுத மறக்காதீர்கள்.